யு-வின் வலது கொம்பு

எனக்கு நாற்பத்தெட்டு நடக்கிறது. மனுஷ வாழ்க்கையில் சந்தோஷம் தரைதட்டி நிற்கிற வயது இதுதான் என்று ஒரு பொருளாதாரப் பேராசிரியர் சொல்லியிருக்கிறார். டேவிட் பிளாஞ்ச்ஃபிளவர் என்று பெயர். 2020இல் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளின் சர்வேக்களை ஒன்றாகப் போட்டுப் பார்த்து, வளர்ந்த நாடுகளில் அந்தத் தரைதட்டும் வயது சராசரியாக 47.2, வளரும் நாடுகளில் 48.2 என்று தசமப்புள்ளியோடு கணக்குச் சொன்னார். தசமப்புள்ளியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 47.2 என்றால் பிறந்தநாள் கழிந்து பத்துப் பதினோரு வாரம். அந்த வாரம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்துப் பார்த்தால், பையனின் கல்லூரிப் பணத்துக்கும் அம்மாவின் முட்டி ஆபரேஷனுக்கும் நடுவில் எதை முதலில் கட்டுவது என்று ஒரு தாளில் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்திருக்கிறேன். சரி, பேராசிரியர் ரொம்பத் தப்பாகச் சொல்லவில்லை.

இந்த மாதிரி சர்வேக்களில் கேட்கிற கேள்வி ரொம்ப எளிமையானது. ஒரு ஏணியை நினைத்துக்கொள்ளுங்கள், கீழே பூஜ்யம், உச்சியில் பத்து. உச்சி என்பது உங்களுக்கு வாய்க்கக்கூடிய மிக நல்ல வாழ்க்கை, அடி என்பது மிக மோசமானது. இப்போது எந்தப் படியில் நிற்கிறீர்கள்? அவ்வளவுதான். எழுபத்து நாலு வயது அம்மாவிடம் இதைக் கேட்டுப் பார்த்தேன்.

"ஏணியா? இந்த முட்டிய வெச்சுக்கிட்டு நான் எங்கடா ஏறறது?"

"நெசமா ஏற வேணாம்மா, மனசுல நெனச்சுக்கோ. எத்தனாவது படியில நிக்கற?"

"எட்டு."

"ராத்திரி பூரா வலிக்குதுன்னு பொலம்பினியே?"

"முட்டி வேற, இது வேற."

நான் எனக்குப் போட்டுக்கொண்டது ஐந்து. எனக்கு முட்டி நன்றாகத்தான் இருக்கிறது.

இளமையில் உயரம், நடுவயதில் பள்ளம், அறுபதுக்கு மேல் மறுபடி ஏற்றம். கோடு போட்டால் ஆங்கில யு எழுத்து மாதிரி வரும். 2008இல் பிளாஞ்ச்ஃபிளவரும் ஆண்ட்ரூ ஆஸ்வால்டும் சேர்ந்து இதைப் பெரிய அளவில் எழுதிய பிறகு, கிட்டத்தட்ட ஒரு இயற்கை விதி என்றே பலர் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அப்புறம் 2012இல் ஆஸ்வால்டும் விலங்கியல் ஆட்களும் சேர்ந்து 508 சிம்பன்சிகளையும் உராங்குட்டான்களையும் எடுத்துக்கொண்டு, அவை எவ்வளவு சந்தோஷமாக இருக்கின்றன என்று அவற்றைப் பராமரிப்பவர்களிடம் மார்க் போடச் சொன்னார்கள். அங்கேயும் நடுவயதில் பள்ளம். உடனே தலைப்புச் செய்திகள்: நடுவயதுச் சோர்வு மரபணுவிலேயே இருக்கிறது, வீட்டுக் கடனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, குரங்குக்கு ஏது வீட்டுக் கடன்?

எனக்கு அதைப் படித்தபோது வேறொன்று தோன்றியது. மிருகக்காட்சி சாலையிலும் சரணாலயத்திலும் இருக்கிற சிம்பன்சிக்குச் சாப்பாடு வேளா வேளைக்கு வரும், இருப்பிடம் இலவசம், உடம்புக்கு முடியவில்லை என்றால் டாக்டர் கூண்டுக்கே வருவார், கிழடானாலும் யாரும் வெளியே போகச் சொல்லமாட்டார்கள். உலகத்திலேயே மிக முழுமையான மக்கள்நல அரசில் வாழ்கிற முதியவர்கள் அவைதான்! வயதான காலத்தில் கோடு மேலே ஏறுவதில் என்ன ஆச்சரியம்? காட்டில் தனியாகக் கிடக்கிற கிழட்டுச் சிம்பன்சியிடம் யாரும் போய் மார்க் போடவில்லை.

இதைக் கிண்டலுக்காக மட்டும் சொல்லவில்லை. யு எழுத்தின் இடது பக்கச் சரிவு இயற்கையாக இருக்கலாம். முப்பதுகளில் ஆசைகள் அடிபட ஆரம்பிக்கின்றன, எது நடக்காது என்பது தெரிய வருகிறது, இது எந்த ஊர் மனுஷனுக்கும் பொருந்தும். ஆனால் வலது பக்கம் கோடு மறுபடி ஏறுகிறதே, அது தானாக ஏறுவதில்லை என்பதுதான் என் எண்ணம். அந்தக் கொம்பைத் தாங்குவது ஏதோ ஒரு பாராளுமன்றம் என்றைக்கோ போட்ட சட்டம். சட்டம் இல்லாத இடத்திலோ, இருந்தும் ஆடிப்போன இடத்திலோ, கொம்பு முளைப்பதே இல்லை.

ஆண்ட்ரூ ஸ்டெப்டோ, ஆங்கஸ் டீட்டன், ஆர்தர் ஸ்டோன் மூவரும் 2015இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதியதைப் படித்த பிறகுதான் எனக்கு இப்படித் தோன்ற ஆரம்பித்தது. காலப் (Gallup) என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் நூற்று அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் எடுத்த சர்வேயை, எல்லாவற்றையும் ஒரே சட்டியில் கொட்டிக் கலக்காமல், பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்த்தார்கள். அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா மாதிரி ஆங்கிலம் பேசுகிற பணக்கார நாடுகளில் அழகான யு, பள்ளம் 45க்கும் 54க்கும் நடுவில். ஆப்பிரிக்காவில் சஹாராவுக்குத் தெற்கே கோடு கிட்டத்தட்ட படுக்கையாகக் கிடந்தது, எல்லா வயதிலும் தாழ்வாக. முன்னாள் சோவியத் நாடுகளிலும் கிழக்கு ஐரோப்பாவிலும் யு-வே கிடையாது, வெறும் சறுக்குமரம். இருபதில் தொடங்கி எண்பது வரை இறக்கம்தான்.

ரஷ்யாவை மட்டும் எடுத்துக்கொள்வோம். 1992 ஜனவரியில் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள், அந்த ஒரே வருஷத்தில் விலைவாசி இருபத்தைந்து மடங்குக்கு மேல் ஏறியது. முப்பது வருஷம் தொழிற்சாலையில் வேலை பார்த்து வங்கியில் சேர்த்து வைத்தவருடைய பணம் காகிதமாகிவிட்டது. சரி, பென்ஷனாவது வரும் என்றால், 1996 வாக்கில் அதுவும் மாதக்கணக்கில் நிலுவை. அப்படிப் பணம் வராமல் நின்றுபோன வீடுகளையும், வந்துகொண்டிருந்த வீடுகளையும் ஒப்பிட்டு ராபர்ட் ஜென்சனும் காஸ்பர் ரிக்டரும் ஆய்வு செய்தார்கள். பணம் நின்ற வீடுகளில் வறுமை இரண்டு மடங்குக்கு மேல் ஆனது, சாப்பாட்டைக் குறைத்தார்கள், மருந்தைக் குறைத்தார்கள், ஆண்கள் அடுத்த இரண்டு வருஷத்தில் இறந்துபோகிற வாய்ப்பும் கூடியது. சட்டப்படி பென்ஷன் இருந்தது, கைக்குத்தான் வரவில்லை. இப்படி ஒருமுறை ஏமாந்தவர், பின்னால் பணம் ஒழுங்காக வர ஆரம்பித்தாலும் அடுத்த மாதத்தை நம்புவாரா? வயதானவர்களுக்குச் சந்தோஷம் என்பதில் பெரிய பங்கு பயமில்லாமல் இருப்பதுதான். பயம் ஒருமுறை வந்தால் லேசில் போகாது.

எதிர்ப்பக்கம் ஒரு ஆளைப் பார்க்கலாம். ஐடா மே ஃபுல்லர், அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்துக்காரர், வக்கீல் ஆபீஸில் செயலாளராக வேலை பார்த்தவர். 1935இல் அங்கே சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1937இலிருந்து சம்பளத்தில் பிடித்தம். அறுபத்தைந்து வயது ஆனபோது ஏதோ வேலையாக வெளியே போனவர், பெரிய எதிர்பார்ப்பு ஒன்றும் இல்லாமல், ரொம்ப நாளாகப் பிடிக்கிறார்களே என்னதான் அது என்று கேட்டுவிட்டு வரலாம் என்று அந்த அலுவலகத்துக்குள் நுழைந்தார். 1940 ஜனவரி 31 தேதியிட்டு 22 டாலர் 54 சென்ட்டுக்குக் காசோலை வந்தது, எண் 00-000-001. அந்தத் திட்டத்தின் முதல் மாதக் காசோலை. அவரிடம் பிடித்தது மொத்தம் 24 டாலர் 75 சென்ட்தான். நூறு வயது வரை இருந்தார், 1975இல் இறந்தார், அதற்குள் வாங்கியது 22,888 டாலர் 92 சென்ட். இரண்டாவது காசோலையிலேயே போட்டதை எல்லாம் எடுத்துவிட்டார் பாருங்கள். கணக்குப் பிள்ளை யாராவது பார்த்தால் திட்டம் திவால் என்பார். எனக்கோ அந்த முப்பத்தைந்து வருஷங்களில் ஒரு மாதம்கூடக் காசோலை வருமா வராதா என்று அவர் முழித்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கவில்லை என்பதுதான் பெரிதாகத் தெரிகிறது. அமெரிக்காவில் 1959இல் அறுபத்தைந்து தாண்டியவர்களில் நூற்றுக்கு முப்பத்தைந்து பேர் ஏழைகள். தொண்ணூறுகளின் நடுவில் அது நூற்றுக்குப் பத்துப் பேர் அளவுக்கு இறங்கியது. வலது கொம்பு முளைத்த கதை இதுதான்.

ஆனால் அதே அமெரிக்காவில் பள்ளம் ஏன் அவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்பதற்கும் பதில் அதே சட்டங்களில்தான் இருக்கிறது. அங்கே அரசு கை கொடுப்பது பெரும்பாலும் அறுபத்தைந்தை ஒட்டித்தான். 1965இல் வந்த மெடிகேர் மருத்துவக் காப்பீடும் அறுபத்தைந்துக்கு. அதற்கு முன்னால் பெரும்பாலான குடும்பங்களுக்குக் காப்பீடு வேலையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. வேலை போனால் டாக்டரும் போனார். குழந்தை பிறந்தால் நாடு முழுவதற்குமான சம்பளத்தோடு கூடிய விடுப்பு இல்லை, 1993இல் வந்த சட்டம் தருவது பன்னிரண்டு வாரம், அதுவும் சம்பளமில்லாமல், அதுவும் எல்லா வேலைக்கும் இல்லை. நாற்பத்தெட்டு வயதுக்காரர் ஒரு தோளில் பிள்ளையையும் மறு தோளில் பெற்றவரையும் சுமந்துகொண்டு, தனக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது என்று வேண்டிக்கொண்டே நடக்கிற அமைப்பு அது. அறுபத்தைந்தாவது பிறந்தநாளில் மூச்சு விடுகிறார்கள். அந்த மூச்சைத்தான் நாம் 'வயதாக ஆக வருகிற ஞானம்' என்று எழுதிக்கொண்டிருக்கிறோமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

டென்மார்க்கில் பிறந்த சமூகவியலாளர் கோஸ்டா எஸ்பிங்-ஆண்டர்சன் 1990இல் பணக்கார நாடுகளின் நல அமைப்புகளை மூன்று வகையாகப் பிரித்தார். சந்தையை நம்பி, ரொம்ப முடியாதவர்களுக்கு மட்டும் உதவுகிற அமெரிக்கா, பிரிட்டன் வகை. வேலையையும் குடும்பத்தையும் வைத்து, கட்டியதற்கேற்பக் கொடுக்கிற ஜெர்மனி, பிரான்ஸ் வகை. எல்லாருக்கும் எல்லா வயதிலும் என்கிற ஸ்வீடன், நார்வே, டென்மார்க் வகை. வேலைச் சந்தையில் உழைப்பை விற்காமல் ஒருவரால் எத்தனை நாள் கௌரவமாக வாழ முடியும் என்பதுதான் அவர் வைத்த அளவுகோல்களில் முக்கியமானது. இதை வயதோடு சேர்த்து வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. கேள்வி எத்தனை பணம் என்பது மட்டும் இல்லை, எந்த வயதில் கொடுக்கிறார்கள் என்பதும்தான்.

ஸ்வீடன் 1974லேயே தாய்க்கு மட்டும் இருந்த விடுப்பை அப்பாவும் எடுக்கலாம் என்று மாற்றியது, இப்போது ஒரு குழந்தைக்கு இருவருக்கும் சேர்த்து 480 நாள். ஜெனிஃபர் கிளாஸ் என்ற சமூகவியலாளரும் அவருடைய குழுவும் 2016இல் இருபத்திரண்டு நாடுகளை ஒப்பிட்டு, பிள்ளை பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இடையிலான சந்தோஷ வித்தியாசத்தை அளந்தார்கள். பெற்றவர்கள் மிக அதிகமாகப் பின்தங்கியிருந்தது அமெரிக்காவில். நார்வே மாதிரி இடங்களில் அந்த வித்தியாசம் இல்லை, சொல்லப்போனால் பெற்றவர்கள் கொஞ்சம் மேலே. காரணத்தைத் தோண்டினால் சம்பளத்தோடு விடுப்பு, குழந்தைக் காப்பகச் செலவில் உதவி, வளைந்து கொடுக்கிற வேலை நேரம். பிள்ளை ஒன்றுதான், அழுகையும் ஒன்றுதான், ராத்திரித் தூக்கம் போவதும் ஒன்றுதான்.

பணமே வராமல் பெயர் மட்டும் மாறினாலும் சந்தோஷம் மாறும் என்பதற்கு ஜெர்மனியில் ஒரு விசித்திரமான சாட்சி இருக்கிறது. அங்கே 1984இலிருந்து ஒரே ஆட்களை வருஷா வருஷம் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ரொம்ப நாளாக வேலையில்லாமல் இருந்த ஒருவர் பென்ஷன் வயதை எட்டி ஓய்வு பெற்றவர் ஆகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் எழுந்து போக வேண்டிய இடம் நேற்றும் இல்லை, இன்றும் இல்லை. கையில் காசும் பெரிதாகக் கூடிவிடவில்லை. ஆனால் வாழ்க்கைத் திருப்தி கண்ணுக்குத் தெரிகிற அளவு ஏறுகிறது. வேலையில் இருந்துகொண்டே ஓய்வு பெறுபவர்களுக்கு அப்படி ஒன்றும் ஏறவில்லை. 2014இல் ஹெட்ச்கோ, க்னாபே, ஷூப் என்ற மூவர் எழுதியது இது. நேற்றுவரை 'என்ன பண்றீங்க' என்று யாராவது கேட்டால் தலையைக் குனிந்த மனுஷன் இன்றைக்கு 'ரிட்டயர் ஆயிட்டேன்' என்கிறார். வேலைக்கு அவ்வளவு மரியாதை கொடுக்கிற அமைப்பு வேலையில்லாதவனை எவ்வளவு கேவலப்படுத்துகிறது என்பதற்கு இதைவிட ஒரு சாட்சி வேண்டாம். ஒரு முறை நானும் ஒன்பது மாதம் வேலையில்லாமல் இருந்தேன், அந்தக் கேள்விக்குப் பயந்தே கல்யாண வீடுகளுக்குப் போகாமல் இருந்தேன், அதனால் அந்தத் தலை குனிவது எனக்கு நன்றாகத் தெரியும்.

சரி, என் வாதத்துக்கு எதிராக இருப்பதையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் நேர்மையில்லை.

2024 உலக மகிழ்ச்சி அறிக்கை முதல்முறையாக வயது வாரியாக நாடுகளை வரிசைப்படுத்தியது. அறுபது தாண்டியவர்களில் டென்மார்க் முதலிடம், முப்பதுக்குக் கீழே லிதுவேனியா முதலிடம். அமெரிக்கா முதியவர்களில் 10, இளைஞர்களில் 62. ஆகா, சொன்னேன் பார் என்று துள்ளிக் குதிக்கலாம் என்று பார்த்தால், கனடா முதியவர்களில் 8, இளைஞர்களில் 58. கனடாவில் எல்லாருக்கும் அரசு மருத்துவக் காப்பீடு இருக்கிறது, குழந்தை விடுப்புக்குப் பணம் இருக்கிறது. இருந்தும் இளைஞர்கள் அமெரிக்கப் பிள்ளைகளைப் போலவே வாடிப்போயிருக்கிறார்கள். நார்வேயிலும் ஸ்வீடனிலும்கூட இப்போது கிழவர்கள் இளைஞர்களைவிட சந்தோஷமாக இருக்கிறார்கள். பிளாஞ்ச்ஃபிளவரே 2025இல் வேறு இருவரோடு சேர்ந்து, நடுவயதில் துயரம் உச்சம் தொடுகிற அந்தப் பழைய வடிவம் கரைந்துவிட்டது என்று எழுதினார். நடுவயதுக்காரர்கள் தேறிவிட்டதால் இல்லை, இளைஞர்களின் மனநிலை அவ்வளவு மோசமாகிவிட்டதால். யு-வின் இடது கொம்பு உடைந்துகொண்டிருக்கிறது, அதற்கு எந்த பென்ஷன் சட்டமும் பதில் சொல்லாது. செல்போனா, வீட்டு வாடகையா, எதிர்காலமே மங்கலாகத் தெரிவதா என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். என் பங்குக்கு நானும் ஒன்று சொல்லி வைக்கிறேன்: முதியவர்களுக்கு எழுதிக் கொடுத்த உறுதி மாதிரி எதுவும் இருபத்தைந்து வயதுப் பிள்ளையின் கையில் இல்லை.

லிதுவேனியா இன்னொரு சிக்கலை எடுத்துப் போடுகிறது. இளைஞர்கள் உலகத்திலேயே முதல், அதே நாட்டின் முதியவர்களோ எங்கேயோ பின்னால். அதுவும் முன்னாள் சோவியத் நாடுதான், அங்கே அறுபது தாண்டியவர்கள் எல்லாருமே தொண்ணூறுகளின் சரிவைத் தாண்டி வந்தவர்கள். அப்படியானால் நாம் அளப்பது வயதையா, தலைமுறையையா? இன்றைக்கு இருபத்தைந்தில் இருக்கிற பிள்ளை எழுபதில் இந்தக் கிழவரைப் போலத்தான் இருக்கும் என்று எப்படிச் சொல்வது? ஒரே சமயத்தில் எல்லா வயதினரையும் நிற்க வைத்துப் போட்டோ எடுத்துவிட்டு, இதுதான் ஒரு மனுஷனின் வாழ்க்கைப் பாதை என்று சொல்கிற கோளாறு இந்த யு-வில் முதலிலிருந்தே உண்டு. ரொம்ப மனம் நொந்தவர்கள் சிலர் சர்வேக்குப் பதில் சொல்ல எண்பது வரை உயிரோடு இருப்பதே இல்லை என்பது இன்னொன்று. ஆனால் ஒன்று, லிதுவேனியா விஷயம் என் கட்சிக்கு முழுக்க எதிரி இல்லை. அந்த முதியவர்களின் மனதில் இருப்பது பிறந்த வருஷம் அல்ல, ஒரு அமைப்பு கண்முன்னே சரிந்த வருஷம்.

உறுதி என்றேனே, அதுவும் நகர்ந்துகொண்டேதான் இருக்கிறது. 1889இல் பிஸ்மார்க் ஜெர்மனியில் கொண்டுவந்த முதுமை பென்ஷனுக்கு வயது எழுபது. (அறுபத்தைந்து என்று பலர் எழுதுவார்கள், அது 1916இல் குறைத்தது.) அவ்வளவு வயது வரை அன்றைக்கு எத்தனை தொழிலாளி இருந்திருப்பான்? இப்போது சுற்றிக்கொண்டு மறுபடி அங்கேயே வருகிறோம்: மூத்தவர்களின் மகிழ்ச்சியில் முதலிடம் வாங்கின அதே டென்மார்க் 2025 மே மாதம் ஓய்வு வயதை 2040க்குள் எழுபதாக்கச் சட்டம் போட்டது. 1970க்குப் பின் பிறந்தவர்களுக்குப் பொருந்தும், அதாவது இப்போது பள்ளத்தில் நிற்கிற என் வயதுக்காரர்களுக்கு. ரஷ்யா 2018இல் உயர்த்தியது, பிரான்ஸ் 2023இல் இரண்டு வருஷம் கூட்டியபோது லட்சக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். அவர்களைச் சோம்பேறிகள் என்று எழுதியவர்கள் உண்டு. அறுபத்திரண்டில் கரையேறலாம் என்று நீந்திக்கொண்டிருப்பவனிடம், கரையை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்திருக்கிறோம் என்று சொன்னால் கோபம் வராதா?

பள்ளத்தில் இருப்பவர்கள் கரையைத் தப்பாகக் கணக்குப் போடுவதும் உண்டு. அதே ஜெர்மன் சர்வேயில் ஐந்து வருஷம் கழித்து எப்படி இருப்பீர்கள் என்றும் கேட்டு வந்திருக்கிறார்கள். ஹானஸ் ஷ்வாண்ட் அந்தப் பதில்களையும், ஐந்து வருஷம் கழித்து அதே ஆள் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இளைஞர்கள் ரொம்ப உயரமாகச் சொல்லி ஏமாந்திருக்கிறார்கள். வயதானவர்கள் ரொம்பத் தாழ்வாகச் சொல்லி, எதிர்பார்க்காத சந்தோஷத்தில் மாட்டியிருக்கிறார்கள்.

அம்மாவிடம் திரும்பப் போய், ஏன் எட்டு என்று கேட்டேன். அப்பா போனதிலிருந்து குடும்ப பென்ஷன் அவள் கணக்குக்கு வருகிறது, பெரிய தொகை இல்லை.

"மாசம் பொறந்தா யாரு மூஞ்சியையும் பாக்காம என் பணம் எனக்கு வருது. உன்கிட்டகூடக் கேக்க வேண்டியதில்ல. எட்டு போடாம என்ன போடச் சொல்ற?"

எனக்குச் சுருக்கென்றது. நான் கொடுக்கமாட்டேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் கேட்கவே வேண்டியதில்லை என்பது வேறு விஷயம்தான், அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் அந்த இரண்டாவது கேள்வியையும் கேட்டேன். அஞ்சு வருஷம் கழிச்சு எத்தனாவது படிம்மா?

"அப்ப நீ வந்து கேளு, சொல்றேன்" என்று சொல்லிவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டினாள்.